வரிசை மாறிய பலகைகள்

இது நடந்தது. கனடாக் குளிருக்குப் பேய்கூட எட்டிப் பார்க்காது என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நடந்தது போன வருடம் ஜனவரி மாதம். இடம் டொரோண்டோ நகரத்துக்குள், பார்லமென்ட் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சின்னத் தெரு. ஆளின் பெயர் ஜூலியஸ். மில்லிக்கனில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவன். பொய் சொல்லவே வராது அவனுக்கு. காட்ஸ் விளையாடும்போதுகூட கையில் என்ன இருக்கிறதென்று முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவன் சொன்னதையும், கடைசியில் நானே என் கையால் தொட்டுப் பார்த்ததையும் தவிர இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஜூலியஸ் மரத்தளம் போடுகிறவன். வயது முப்பத்தெட்டு. மனைவி சுபாங்கிக்கு மருந்துக்கடையில் வேலை. கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லாமல், அவள் முருகனிடமும் இவன் மாதாவிடமும் மாறி மாறிக் கெஞ்சி, பிறகு பிறந்தவள் அட்சயா. நாலு வயது. அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் இவனுக்கு உயிர் போய் உயிர் வரும். "இவருக்குப் பிள்ளை பிறக்கேல்லை அக்கா, முதலாளி பிறந்திருக்கிறா" என்று சுபாங்கி என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு இருந்த ஒரே பயம் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான். வேறெதற்கும் அவன் பயந்து நான் கண்டதில்லை.

அந்தச் சின்னத் தெருவில் அவன் வேலைசெய்தது ஒரு மூன்று மாடிச் செங்கல் கட்டடம், நூற்றிருபது வருடத்துக்கு மேல் பழையது. முதலில் வாடகை அறைகளாம். பிறகு காகிதப் பெட்டி செய்யும் தொழிற்சாலை, பிறகு களஞ்சியம். கடைசியில் பன்னிரண்டு வருடம் பூட்டியே கிடந்தது. பாரம்பரியக் கட்டடம் என்பதால் இடிக்க விடமாட்டார்கள். புதுப்பித்து இரண்டாம் மாடியில் ஒரு மண்டபமும், மற்ற இடங்களில் அலுவலகங்களும் போடுவதாகத் திட்டம். ஆனால் இந்த வேலைக்கு ஒரு விதி இருந்தது. ஒரு பொருளையும் குப்பைக்கு அனுப்பக் கூடாது.

அந்த விதியைக் காவல் காத்தவள் வேரோனிக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். பழைய பொருள்களின் பதிவு முழுக்க அவள் பொறுப்பு. முதல்நாள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து வகுப்பு எடுத்தாள்.

"அண்ணா, சிம்பிளா சொல்றன். ஒண்டையும் எறியிறேல்லை. செங்கல், ஆணி, கதவு, எவ்ரிதிங். கழட்டிறது, கிளீன் பண்றது, திரும்பப் போடுறது. சுத்திக்கொண்டே இருக்கோணும். முடிவு எண்டு ஒண்டு இல்லை, ஓகே?"

ஜூலியஸுக்கு இந்த வேலை நல்லாய்ப் பிடித்தது. இருபது வருடமாக எத்தனை வீட்டில் தங்கம் மாதிரிப் பலகைகளை உடைத்துக் குப்பைப் பெட்டிக்குள் எறிந்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்திருக்கிறது. இங்கே செங்கல்லைச் சுற்றியிருந்த சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி எடுத்து, அதே கல்லை அடுத்த சுவருக்கு வைத்தார்கள். கூரை உத்திரத்தைப் பிளந்து படிக்கட்டு செய்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு மூலை அறையின் தளம், நாற்பது வரி பைன் பலகை, ஒவ்வொன்றும் அரையடி அகலம், சுவரிலிருந்து சுவர்வரை ஒரே நீளம். இந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான். அதைக் கிளிபோட் என்கிறவரின் ஆட்கள் கழற்றி, அடிப்பக்கத்தில் ஒன்றிலிருந்து நாற்பதுவரை இலக்கம் எழுதி அடுக்கிவிட்டு, மிசிசாகாவில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதை இரண்டாம் மாடி மண்டபத்தில் போடுவதுதான் ஜூலியஸின் வேலை. அவனோடு கூட வேலை செய்தவன் மரியோ, நல்ல கைவேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

மரத்தளம் போடுகிறவர்கள் பலகையை வந்த வரிசையிலேயே போடமாட்டார்கள். நிறம் பார்த்து, ரேகை பார்த்து, கலந்துதான் போடுவார்கள். அப்படிப் போட்டால்தான் தளம் ஒரே சீராய்த் தெரியும். ஜூலியஸும் அப்படித்தான் போட்டான். எந்த இலக்கப் பலகை மண்டபத்தில் எந்த இடத்துக்குப் போனது என்பதை மட்டும் கைபேசியில் பதிய வேண்டும், அது வேரோனிக்காவின் சட்டம். இரண்டு பலகை நடுவில் வெடித்திருந்தன. மண்டபத்துக்கு உதவாது, அவற்றுக்குப் பதில் வேறு இரண்டு பழைய பலகை போட்டான். ஆனாலும் எறியக் கூடாது, வேலையாட்கள் யாராவது எடுத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். ஜூலியஸ் எடுத்தான். 'பிள்ளைக்குக் கட்டில்' என்று எழுதினான்.

கட்டில் அழகாக வந்தது. அட்சயா அதில் ஏறிக் குதித்துக் குதித்து அன்றைக்கு நித்திரையே கொள்ளவில்லை.

அதற்கு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை.

தளம் போட்டு முடிந்தபின் மரம் அறைச் சூட்டுக்குப் பழக வேண்டும். மற்றவர்கள் ஏழரைக்குத்தான் வருவார்கள். ஜூலியஸ் ஆறேகாலுக்கே வந்து ஹீட்டர்களைப் போடுவான். வெளியே மைனஸ் பதினெட்டு. இன்னும் விடியவில்லை. தெருவில் ஒரு சனமும் இல்லை. மண்டபத்தில் ஒரேயொரு வேலை விளக்கு. அவன் மூலையில் குந்தியிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆறு நாற்பத்திரண்டு.

டக்.

இடப்பக்கச் சுவரோரம் ஒரு சத்தம். பலகை குளிருக்குச் சுருங்கினால் இப்படி வெடிக்கும், அது அவனுக்குப் புதிதல்ல. தேநீரை ஊதினான்.

டக். இது மண்டபத்தின் மற்றத் தொங்கலில், எதிர்ச் சுவரடியில்.

டக். நடுவில்.

டக். அவன் முதுகுக்குப் பின்னால்.

டக். திரும்ப இடப்பக்கம்.

பிறகு ஒன்றுமில்லை. இரண்டு விநாடி இருக்கும்... மறுபடி மூன்று சத்தம், மூன்றும் மூன்று இடத்தில். அத்தோடு நின்றுவிட்டது. மொத்தம் எட்டு.

'மரத்துக்குக் குளிருது' என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டான். அன்று முழுவதும் அதை நினைக்கவுமில்லை.

புதன்கிழமை. ஆறு நாற்பத்திரண்டு. ஐந்து சத்தம். இடைவெளி. மூன்று சத்தம்.

அதே இடங்கள். அதே ஒழுங்கு.

மரம் சுருங்கினால் மணி பார்த்துச் சுருங்குமா? ஆனாலும் வேலைக்காரன் மூளை வேலைக்காரன் மூளைதானே. எங்கேயோ ஆணி சரியில்லை என்று நினைத்தான்.

வியாழக்கிழமை சுண்ணக்கட்டியோடு நின்றான். சத்தம் வந்த பலகையில் எல்லாம் ஓடி ஓடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினான். எட்டு இலக்கம். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். அது வெடிக்கிற சத்தமே இல்லை. மேலே பாரம் விழுகிற சத்தம். முதலில் குதிக்கால், பிறகு பாதம்.

யாரோ நடக்கிறார்கள்.

ஆனால் ஒரு காலடி இங்கே. அடுத்தது பதினைந்து அடி தள்ளி. அப்படி நடக்க எவரால் முடியும்?

மரியோ வந்ததும் அவனிடம் சொன்னான். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அண்ணை, ராத்திரி என்ன அடிச்சனீங்கள்?"

"நாளைக்கு நீ ஆறரைக்கு வா. வந்து பார்."

வெள்ளிக்கிழமை மரியோ வந்தான். ஆறு நாற்பத்திரண்டுக்கு நாலாவது சத்தம் அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி விழுந்தது. பலகை அமுங்கி எழும்பியதை அவன் கண்ணாலேயே கண்டான். உடனே காலை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான்.

மத்தியானம் இருவரும் மரியோவின் வானுக்குள் இருந்தார்கள். ஜூலியஸ் கைபேசியில் அந்தப் பதிவைத் திறந்தான். எந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று வேரோனிக்கா எழுதவைத்த அதே பதிவு. முதலாவது சத்தம் வந்த பலகையின் இலக்கம் என்ன?

நாலு.

இரண்டாவது எட்டு. மூன்றாவது பன்னிரண்டு. பிறகு பதினாறு. பிறகு இருபது.

அரையடிப் பலகை நாலு என்றால் இரண்டு அடி. ஒரு மனிதக் காலடி.

"அண்ணை... நேரா நடக்குது" என்றான் மரியோ. "அது நேராத்தான் நடக்குது. நாங்கள்தான் தளத்தைக் கலைச்சுப் போட்டம்."

ஆறாவது சத்தம் முப்பத்திரண்டு. பிறகு முப்பத்தாறு. கடைசி, நாற்பது.

இருபதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் இரண்டு காலடி இல்லை. இருபத்துநாலு. இருபத்தெட்டு. அந்த இடைவெளி அதுதான். ஜூலியஸ் பதிவில் விரலை இழுத்துக்கொண்டு போனான். இருபத்துநாலும் இருபத்தெட்டும் எங்கே போயின என்று பார்க்க அவனுக்குப் பதிவு தேவையே இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தான்.

'பிள்ளைக்குக் கட்டில்.'

அவன் கைபேசியை மடியில் போட்டுவிட்டான்.

அன்றிரவே பிள்ளையைத் தங்கள் படுக்கையில் போட்டுக்கொண்டான். சுபாங்கிக்கு ஒன்றும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு பயந்து பயந்து கழிந்தன. ஆனால் உறுதியாய்த் தெரிய வேண்டுமே. திங்கட்கிழமை விடிய மரியோ மண்டபத்தில் நின்றான். ஜூலியஸ் வீட்டில், அந்தக் கட்டில் இருந்த அறையில், நிலத்தில் இருந்தான். கைபேசி காதில். கட்டில் வெறுமை என்றுதான் நினைத்திருந்தான். விளக்கைப் போடாமல் இருந்ததால் கவனிக்கவில்லை. அட்சயா இரவில் எழும்பி வந்து தன்னுடைய கட்டிலிலேயே படுத்திருந்தாள்.

அவளைக் கண்டபோது மணி ஆறு நாற்பத்தொன்று.

தூக்க எழும்பினான்.

"அண்ணை, தொடங்கீட்டுது" என்றான் மரியோ.

கைபேசியில் டக்.

டக்.

டக்.

டக்.

டக்.

பிறகு...

டக்.

கைபேசியில் இல்லை. அவன் முன்னால். கட்டிலில். பிள்ளையின் காலடியில்.

பிள்ளை நித்திரையிலேயே காலை மடக்கிக்கொண்டாள். யாரோ கடந்துபோக இடம் விடுகிற மாதிரி.

டக். தலைமாட்டில்.

"முப்பத்திரண்டு" என்றான் மரியோ காதுக்குள். "முப்பத்தாறு... நாற்பது. முடிஞ்சுது. அண்ணை? அண்ணை, நிக்கிறியளோ?"

ஜூலியஸ் பிள்ளையை வாரி அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தக் குளிரில் கம்பளிகூடப் போர்த்தாமல் வெளிவாசலில் போய் நின்றான். சுபாங்கி ஓடிவந்தாள்.

"இஞ்சருங்கோ! என்ன விசர் வேலை இது? பிள்ளை விறைக்கப்போகுது!"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நம்பாமல் விட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நம்பினாள். அவள் திருநீறு பூசினாள், அவன் மடுமாதா கோயில் தீர்த்தம் தெளித்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கடை பிள்ளையை விட்டுப் போகுமோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"போகப் பண்ணுறன்" என்றான்.

அவன் என்ன நினைத்தான் என்பதை நான் விளங்கப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அவனை மடையன் என்பீர்கள். தளம் போடுகிறவன் எப்போதும் வாசல் பக்கத்திலிருந்துதான் எண்ணுவான். அது அவன் கையோடு ஊறினது. ஆகவே ஒன்றாம் பலகை வாசல், நாற்பதாம் பலகை ஜன்னல். நாற்பதாம் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி தேய்ந்திருந்தது. யாரோ ஒரு சீவன் அந்த அறையில் வாடகைக்கு இருந்து, விடிய எழும்பி, ஜன்னலடியில் நின்று நின்று, ஒருநாள் அதால் விழுந்துவிட்டது போல. பாவம். அதன் பாதையைத்தான் தாங்கள் பிய்த்துக் கலைத்துவிட்டோம். பிள்ளையின் கட்டிலுக்கால் நடந்து போக வேண்டிய நிலைமைக்கு அதை ஆக்கியதும் தாங்கள்தான். பாதையைத் திருப்பிக் கொடுத்தால் அது தன் பாட்டில் போய்விடும். அப்படித்தான் அவன் கணக்குப் போட்டான்.

பழைய காலமென்றால் அந்தப் பலகைகள் எப்போதோ குப்பை மேட்டில் புதைந்திருக்கும், அதோடு கதை முடிந்திருக்கும். இங்கே எறிய வழியில்லை. ஒன்றைக் கழற்றினால் வேரோனிக்கா இன்னொரு இடம் பார்த்து வைப்பாள். அங்கேயும் யாரோ ஒருவரின் பிள்ளை இருக்கும்.

தளம் சத்தம் போடுகிறது, திரும்பக் கழற்றிப் போட வேண்டும் என்று அவளிடம் சொன்னான். அது பொய்யில்லைதானே. கட்டிலைப் பிரித்து இரண்டு பலகையையும் வானில் ஏற்றிக்கொண்டு போனான். அன்று பின்னேரமே கடையிலிருந்து புதுக் கட்டிலும் புது மெத்தையும் வந்தன. அவனும் மரியோவும் நாலு நாள் நாரி முறிய வேலை செய்து, நாற்பது பலகையையும் ஒன்றிலிருந்து நாற்பதுவரை ஒழுங்காகப் போட்டார்கள். வெடித்த இரண்டையும் பசை வைத்துப் பொருத்தி அதனதன் இடத்தில் வைத்தார்கள்.

ஒரேயொரு விஷயத்தை மட்டும் மாற்றினான். நாற்பதாம் பலகையை மண்டபத்தின் ஜன்னல் பக்கம் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. இன்னொரு முறையும் ஏன் அது விழ வேண்டும்? ஒன்றாம் பலகையை ஜன்னலோரம் வைத்தான். நாற்பதாம் பலகையை மண்டபத்தின் பெரிய வாசலில் வைத்தான்.

"இந்த முறையெண்டாலும் வாசலாலை மரியாதையாப் போகட்டும், மரியோ."

சனிக்கிழமை விடிய இருவரும் போய் மண்டப வாசலையும், கீழே தெரு வாசலையும் விரியத் திறந்து வைத்தார்கள். பனிக்காற்று உள்ளே அடித்தது.

ஆறு நாற்பத்திரண்டு.

டக். டக். டக். டக். டக். டக். டக். டக். டக். டக்.

பத்து. விட்டுப்போகாமல் பத்து. ஜன்னலடியிலிருந்து வாசல்வரை ஒரே நேராக. கடைசி மூன்றும் கொஞ்சம் அவசரமாக.

வாசலுக்கு அப்பால் கல் படிக்கட்டு. அதில் சத்தம் கேட்கவில்லை. கீழே தெருக் கதவு மட்டும் ஒருமுறை காற்றில் ஆடியது.

"போயிட்டுது அண்ணை" என்று மரியோ குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். ஜூலியஸ் சிலுவை போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை ஆறு நாற்பத்திரண்டுக்கு மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. செவ்வாயும் இல்லை. அந்தக் கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். என்ன விசேஷம் என்று கேட்டேன். சும்மாதான் அண்ணை என்றான்.

இரண்டு கிழமை கழிந்தது.

பெப்ரவரி பதினாலாம் தேதி. வேரோனிக்கா கடைசி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பலகையும் பழைய அறையில் எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்கு வேண்டும்.

"வாசல் பக்கத்திலையிருந்து எண்டு போடுங்கோ" என்றான் ஜூலியஸ்.

"ஷுவரா அண்ணா? கழட்டினவையைக் கேட்டுப் போடுங்கோ, ப்ளீஸ். இது ரெக்கோர்ட்."

மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு அவன் கிளிபோட்டைக் கூப்பிட்டான்.

"கிளிபோட் அண்ணை, மூண்டாம் மாடி மூலை அறை. முதலாம் பலகை வாசல் பக்கம்தானே?"

"இல்லையடா தம்பி. ஜன்னல் பக்கம்."

"...ஜன்னலோ?"

"ஓம். வாசலாலை உள்ளை போக ஏலாது. வெளியாலை சாரம் கட்டி, ஜன்னலாலை இறங்கினனாங்கள். அப்ப ஜன்னலடியிலை இருந்துதானே கழட்டவேணும்? நாப்பதாம் பலகைதான் வாசலடி."



"வாசலுக்கு என்ன?"

"உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? செங்கல் வச்சு அடைச்சுக் கிடந்தது. பழைய வேலை. ஆக முந்தின காலத்து வேலை, கட்டடம் கட்டின கையோடை அடைச்ச மாதிரி. அதுவும் மூண்டு அடுக்கு. நான் முப்பது வருசமா உடைக்கிறன், ஒரு அறைக் கதவுக்கு மூண்டு அடுக்கு வச்சதைக் காணேல்லை."

"உள்பக்கத்தாலையோ அண்ணை?"

"உள்பக்கத்தாலை வச்சா வச்சவன் எப்பிடி வெளியிலை வாறது? வெளிப்பக்கத்தாலைதான்."

 கிளிபோட் தொடர்ந்து சொன்னார்.

"அந்த நாப்பதாம் பலகையிலை ரெண்டு குழி. கண்டனியோ? அடைச்ச வாசலுக்கு நேரை, முட்டிக்கொண்டு. ஒரு கால் வைக்கிற தூரம்கூட இல்லை. அந்த அறையிலை ஒருத்தரும் இருந்ததா ஒரு கடுதாசியிலையும் இல்லையாம். பிறகு ஆர்ரா நிண்டு தேய்ச்சது?"

ஜூலியஸ் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தான்.

அது ஜன்னலால் விழுந்த சீவன் இல்லை.

அது ஒவ்வொரு நாளும் வாசலுக்கு வந்து பார்த்த ஒன்று.

அவன்தான் வாசலைத் திறந்துவிட்டான்.

தெருக் கதவையும் திறந்துவிட்டான்.

வெளியில் வந்தால் அதற்கு என்ன இடம் தெரியும்? அந்தக் கட்டடத்தை விட்டால் அதன் கால் பட்ட இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

சுபாங்கியைக் கூப்பிட்டான். இரண்டு தரம் பிழையாய் அமத்தினான்.

"பிள்ளை எங்கை?"

"படுத்திருக்கிறாள். இண்டைக்கு எனக்கு லீவு, மறந்துபோனியளோ?"

"எப்பிடிப் படுத்திருக்கிறாள்?"

"இதென்ன கேள்வி? சுவரோடை ஒட்டிக்கொண்டு. ரெண்டு கிழமையா உப்பிடித்தான். நடுவிலை படு எண்டு இழுத்துவிட்டாலும் திரும்பச் சுவரடிக்குப் போயிடுறாள். இடம் போதாதாம்..."

சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். விளங்கிவிட்டது அவளுக்கும்.

பிறகு நடந்தவை எல்லாம் வீண் அலைச்சல். சொல்லி என்ன பயன்? அவன் மண்டபத்துக்கு ஓடிப்போய் வாசலடிப் பலகைகளைக் கிளப்பப் பார்த்தான், வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஒரு பாதிரியார் வந்தார். ஒரு ஐயர் வந்தார். ஒரு டொக்டர் வந்து, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்குத்தான் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். யூனியன்வில்லில் சுபாங்கியின் தமையன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தார்கள். அங்கேயும் பிள்ளை சுவரோடுதான். பெற்றோருக்கு நடுவில் படுக்கவைத்தால் விடிய விடிய அழுவாள். "அப்பா, தள்ளுங்கோ, ஷீ இஸ் கோல்ட்" என்பாள். யார் என்று கேட்டால் சொல்லமாட்டாள். சொல்ல வேண்டாமாம்.

சத்தம் ஒரு நாளும் கேட்கவில்லை. அதுதான் ஜூலியஸைத் தின்றது. அந்தப் பலகைகளில் நடந்தவரைக்கும் அது எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. வீட்டில் நிலம் முழுக்கக் கார்ப்பெட்.

ஜூன் மாதம் அவர்கள் மில்லிக்கன் வீட்டைக் கொடுத்துவிட்டு மிசிசாகாவுக்குப் போனார்கள். இடம் மாறினால் அது விட்டுப் போகும் என்ற நம்பிக்கையில் இல்லை. அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சாமான் ஏற்ற நானும் போனேன். அட்சயா எங்கள் வீட்டில் என் மனைவியோடு இருந்தாள். ஜூலியஸ் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தான். நானும் அவனும் பிள்ளையின் அறைக்குப் போய்க் கட்டிலைக் கழற்ற, முதலில் விரிப்பை உரிந்தோம்.

நாலு மாதப் பழசான மெத்தை. கடைச் சீட்டுக்கூட ஓரத்தில் தொங்கியது. இதுவரைக்கும் ஜூலியஸ் சொன்னதை எழுதினேன். இனி நான் கண்டது.

சுவரோரம், பிள்ளை படுத்த பக்கம், மெத்தை புதுசு மாதிரியே இருந்தது. பதினைந்து கிலோப் பிள்ளை, என்ன அடையாளம் விழப்போகிறது?

மற்றப் பக்கம் குழிந்திருந்தது. தலையிலிருந்து கால்மாடுவரை. கால்மாடும் போதாமல், கட்டிலின் விளிம்புவரை. நான் கையை வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு வெளியே முப்பத்தொரு பாகை வெயில், ஏசி கழற்றியாயிற்று, நாங்கள் இருவரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம். அந்தக் குழிக்குள் என் விரல் விறைத்தது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"எறிஞ்சிட்டுப் போவம் ஜூலியஸ்" என்றேன்.

அவன் மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். அழக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

"எறிஞ்சாலும் போகாது அண்ணை, அடுத்த மெத்தையிலையும் பிள்ளைக்குப் பக்கத்திலை வந்து படுக்கும். ஏற்கெனவே ஒருக்கா எறிஞ்சு பாத்தனான். இது ரெண்டாவது மெத்தை."